யாவாரம் எப்படி என்று கேட்கக் கூடாத மாப்பிள்ளை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விருதுநகரில் யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடிந்ததில்லை. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் வரவு செலவை ஊருக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதற்கு முன்னால், இந்தத் தடவை லாபம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கணித்து எழுதுவது என் வேலை. இதற்குச் சென்னையில் ஒரு பங்குத் தரகு நிறுவனம் சம்பளம் தருகிறது. இதைக் கேட்டதும் எங்கள் ஊரில் எவரும் கேட்கிற முதல் கேள்வி, "அவுகளே இன்னும் பத்து நாள்ல சொல்லிருவாகள்ல, அதுக்குள்ள என்ன தம்பி அவசரம்?" என்பதுதான். கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் கேட்காத கேள்வி.

அப்பாவுக்கு மட்டும் புரிந்தது. புரிந்ததால்தான் அவருக்குக் கோபம். அவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். காலையில் கடை திறந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், எதிர்க் கடை வாசலில் என்ன லோடு இறங்குகிறது என்று பல் குத்திக்கொண்டே பார்ப்பது. லாரி எந்த ஊர்ப் பதிவெண், சாக்கில் யார் முத்திரை, மூட்டை இறக்குகிறவர்கள் சிரித்துக்கொண்டு இறக்குகிறார்களா முணுமுணுத்துக்கொண்டு இறக்குகிறார்களா, எல்லாம் பார்ப்பார். எதிர்க் கடைக்காரர் ஒரு வாரம் விடாமல் வீட்டுக்கு அல்வாப் பொட்டலம் வாங்கிப் போனால் வத்தல் விலை ஏறும் என்பார். சொன்னபடி ஏறும். நானும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறேன், எங்கள் அலுவலகத்தில் இதற்குக் கள ஆய்வு என்று பெயர் என்று அவரிடம் விளக்கினேன். "இதுக்கா ஏலே உன்னைய ரெண்டு டிகிரி படிக்க வச்சேன்? இதைத்தான் நான் ஓசியில செஞ்சுக்கிட்டு இருக்கேனே" என்றார்.

அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் எதிர்க் கடைக் கணக்குப்பிள்ளையை அழைத்து டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைக் கறக்கலாம். கறந்தும் இருக்கிறார். நான் அப்படிச் செய்தால் ஜெயில். கம்பெனிக்கு வெளியே நின்று எவரும் பார்க்கக்கூடியதை நானும் பார்க்கலாம். வாசலில் லாரிகள் வரிசை கட்டுகின்றனவா, கடையில் தொங்குகிற அவர்கள் பாக்கெட்டில் தயாரிப்புத் தேதி புதியதா பழையதா, புதிதாக ஆள் எடுக்கிறார்களா, சரக்கு எடுக்கிற கடைக்காரர்கள் புலம்புகிறார்களா, எல்லாவற்றையும் பார்த்து, கேட்டு, கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வரலாம். இதற்குப் பெயர் ஆராய்ச்சி. கம்பெனிக்குள் இருக்கிற ஒருவர், ஊருக்கு இன்னும் சொல்லாத கணக்கை என் காதில் போட்டால் அதற்குப் பெயர் குற்றம். போட்டவர், கேட்டவர் இருவருக்கும் தண்டனை உண்டு. இதைக் காவல் காப்பதற்கென்றே எங்கள் அலுவலகத்தில் கம்ப்ளையன்ஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன் தலைவியாக இருந்த அம்மாள் ஃபோனில் கூப்பிட்டால் எங்கள் மேலதிகாரி எழுந்து நின்றுதான் பேசுவார்.

நான் கவனித்து வந்த கம்பெனிகளில் ஒன்று மசாலாப் பொடிக் கம்பெனி. தொழிற்சாலை காரியாபட்டி போகிற ரோட்டில் இருந்தது. அதை என் தலையில் கட்டியதற்கு மேலதிகாரி சொன்ன ஒரே காரணம், "உன் ஊர்தானே." சென்னைக்காரர்களைப் பொறுத்தவரை மதுரைக்குத் தெற்கே இருப்பதெல்லாம் ஒரே தெரு. அந்தத் தெருவில் எல்லோரும் எனக்குப் பெரியப்பா, சித்தப்பா. வெளிநாட்டு நிறுவனங்கள் ஆகாயத்திலிருந்து படம் எடுத்துத் தொழிற்சாலை வாசலில் நிற்கிற வண்டிகளை எண்ணுகின்றனவாம். எங்கள் நிறுவனம் எனக்கு அங்கீகரித்தது பஸ் டிக்கெட்டும் எதிர்த்த டீக்கடை பெஞ்சும்தான்.

இப்படி இருக்கும்போது என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது.

தங்கை சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனர். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பொழுது சாய வருவாள். அதற்கு முன்னால் வந்த வரன்களையெல்லாம் அவள் தட்டிக் கழித்திருந்தாள். ஒருவன் பேசும்போது அவன் அம்மா முகத்தையே பார்த்தான் என்றாள். இன்னொருவன் அவளைப் பார்க்காமல் வீட்டுக் கூரையை அளவெடுத்தான் என்றாள். இந்தத் தடவை கோயிலில் வைத்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்ச நேரம் பேசினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எனக்குச் சம்மதம்" என்றாள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு ஃபோனில் சொல்லும்போதும் அழுதுகொண்டேதான் சொன்னார். சிவகாசிப் பட்டாசு வியாபாரக் குடும்பம், தகப்பனார் இல்லை, தாயாரும் தாய்மாமனும் கம்பெனியைப் பார்க்கிறார்கள், பையன் மட்டும் பட்டாசு வேண்டாம் என்று கணக்குப் படித்து வெளியே வேலைக்குப் போய்விட்டான்.

"எங்க வேலை?" என்று கேட்டேன்.

"நம்ம காரியாபட்டி ரோட்டுல இருக்குல்ல, மசாலாக் கம்பெனி, அங்கனதான். கணக்கு எல்லாம் மாப்பிள்ளை கையிலதானாம்" என்றார் அம்மா, பெருமையோடு.

கம்ப்ளையன்ஸ் அம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்து பிறகு தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

"அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"இன்னும் ஒன்றும் இல்லை, மேடம்."

"எப்போது உறவாவார்?"

"பூ வைத்து நிச்சயம் பண்ணிவிட்டால் பாதி உறவு. தாலி கட்டினால் முழு உறவு."

அந்த அம்மாள் பாதி உறவுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டிய அன்று மசாலாக் கம்பெனியை நான் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதுவரைக்கும் எழுதலாம். ஆனால் இந்த முறை கணக்கு வெளியாகி இரண்டு நாள் கழிகிற வரைக்கும் அந்த மனிதரோடு தொழில் சம்பந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்போது சித்திரை மாதம். கணக்கு வைகாசியில்தான் வரும். பூ வைப்பதற்குச் சித்திரையிலேயே நாள் குறித்தாயிற்று.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் இரண்டு ஆண்கள் சந்தித்தால் முதலில் கேட்பது, "யாவாரம் எப்படி?" நலமா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கல்யாண வீடோ இழவு வீடோ, இதைக் கேட்டால்தான் எதிரே நிற்பவரை ஆளாக மதித்ததாக அர்த்தம். கேட்காவிட்டால் மூஞ்சியில் அடித்த மாதிரி. அதற்குப் பதிலும் உண்டு: "ஏதோ ஓடுது." கொள்ளை லாபம் வந்தாலும் அதுதான், கடையை மூடுகிற நிலையிலும் அதுதான். கண் பட்டுவிடும் என்று எவரும் நிஜத்தைச் சொல்வதில்லை.

இதையும் கம்ப்ளையன்ஸ் அம்மாளிடம் விளக்கி அனுமதி கேட்டேன். "வெறும் நலம் விசாரிப்புதானே? பதிலிலும் விவரம் இல்லை. தாராளமாகக் கேளுங்கள்" என்றார். அத்தோடு கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். நாக்கில் சனி. "பதிலில் விவரம் இல்லை மேடம், ஆனால் சொல்கிற தினுசில் இருக்கிறது" என்றேன். 'ஏதோ' என்பதை இழுத்துச் சொன்னால் பணம் கொட்டுகிறது, வெடுக்கென்று சொன்னால் கையைக் கடிக்கிறது, சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டால் கடன்காரன் வாசலில் நிற்கிறான். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கே இது தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியானால் கேட்கவே கூடாது" என்றார்.

பூ வைக்கிற அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் சமுக்காளம் விரித்து, என்னையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மச்சான் முறை, அதனால் மரியாதை. அவர் நல்ல மனிதர் என்று முகத்திலேயே தெரிந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அலுவலகத்திலும் ஓர் அம்மாளோ ஐயாவோ இதே தீர்ப்பைச் சொல்லியிருக்க வேண்டும்.

"வெயில் ஜாஸ்தி" என்றேன்.

"ஆமா. ஜாஸ்திதான்."

"சிவகாசியில எப்படி?"

"அங்கன இன்னும் ஜாஸ்தி."

அத்தோடு வெயில் தீர்ந்துவிட்டது. சட்டப்படி பேசக்கூடிய வேறு விஷயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மழையைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்தேன். மழை பெய்தால் வத்தல் விளைச்சல், விளைச்சல் என்றால் மசாலா விலை. வாயை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை வடையைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எதிர் வரிசையில் அப்பாவும் பையனின் தாய்மாமனும் யாவாரம் எப்படி என்று ஆரம்பித்து உளுந்து, எள், பட்டாசு, காலண்டர் என்று ஊரையே விற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் ஓட்டை வாய்க்காரர். எங்கள் பக்கம் திரும்பி, "என்ன ரெண்டு பேரும் பரீட்சை எழுதுற மாதிரி உக்காந்திருக்கீக? தம்பி, யாவாரம் எப்படின்னு மாப்பிள்ளையக் கேளுங்க. பொண்ணு குடுக்குறவுக கேக்க வேண்டாமா?" என்றார்.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. "வடை எடுத்துக்கிருங்க" என்றேன்.

"அட, கூச்சப்படுறாக. நீயே சொல்லு மருமகனே, இந்தத் தடவை உங்க கம்பெனிக்கு லாபம் எம்புட்டு?"

மாப்பிள்ளை எழுந்தார். "கை கழுவிட்டு வந்துர்றேன்" என்று கொல்லைப்புறம் நோக்கி நடந்தார். அது நடையில்லை. நானும் எழுந்தேன். "ஒரு ஃபோன்" என்று தெருப்பக்கம் பாய்ந்தேன். தெருவில் என் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத மறுமுனைக்கு 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டு நின்றேன். சட்டத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி இருந்தது.

திரும்பி உள்ளே வந்தபோது பையனின் தாயார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் வார்த்தையை வீசாத பெண்மணி. "அண்ணாச்சி, நாங்க ஒருக்கா யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம். பூவை இன்னொரு நாள் வச்சுக்கிருவோம்" என்று அப்பாவிடம் சொன்னார். அவ்வளவுதான். கொண்டுவந்த பூக்கூடையை அப்படியே திரும்பக் காரில் ஏற்றினார்கள். எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்று பார்த்தது.

அப்பா என்னைத் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது. "சர்க்காரு வாயைக் கட்டுச்சாம், இவரு மூடிக்கிட்டாராம். ஏலே, சாவு வீட்டுல கூட நான் கேட்டிருக்கேன். பிணத்துக்குச் சொந்தக்காரன் கூட 'ஏதோ ஓடுது'ன்னு சொல்லுவான்" என்றார். தங்கை பட்டுச் சேலையை மாற்றாமல் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். தலை பூவுக்காகப் பின்னியபடியே இருந்தது.

"அண்ணே, உனக்கு அவரைப் பிடிக்கலையா?"

"சத்தியமாப் பிடிச்சிருக்கு." நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் ஒருத்திதான் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உன் சட்டம் புரியுது. ஆனா ஒண்ணு சொல்லுறேன். இது கலைஞ்சா, இன்னொருத்தன் முன்னால இப்படி அலங்காரம் பண்ணிக்கிட்டு வந்து உக்கார மாட்டேன். இதோட சரி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் பையனின் தாயாரை ஃபோனில் கூப்பிட்டு விளக்கினேன். முட்டாள்தனத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

"அத்தை, மாப்பிள்ளைகிட்ட கம்பெனி விஷயம் நான் கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"சட்டமா? என் மகன் என்ன கஞ்சாவா விக்கான்?"

"அப்படி இல்ல அத்தை. அவுக கம்பெனிக் கணக்கு வெளியாகுற வரைக்கும்..."

"அப்ப அந்தக் கணக்குல கோளாறா?"

இல்லை என்று சொன்னால் எனக்கு ஏதோ தெரியும் என்று ஆகிவிடும். "எனக்குத் தெரியாது அத்தை" என்றேன். அதுதான் உண்மையும்.

"தெரியாமத்தான் என் மகனைக் கண்டதும் தெருவுக்கு ஓடுனீகளாக்கும்? அவனும் இதே கதையைத்தான் சொல்லுறான். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எங்களை ஏமாத்துறீகளா?" என்று வைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததற்கு, பேசி வைத்துக்கொண்டோம் என்ற பழி வந்து சேர்ந்தது.

இந்த லட்சணத்தில் நான் என் கள ஆய்வையும் செய்தாக வேண்டியிருந்தது. காரியாபட்டி ரோட்டில் தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் முதல் நாள் என்னைக் கடன் வசூலிக்க வந்தவன் என்று நினைத்தார். அடுத்த நாள் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஏதோ ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கிறேன் என்று முடிவு செய்து, "நல்ல குடும்பமாத் தெரியுது, வீட்டுல சொல்லிக் கேட்டுப் பாருங்க" என்று புத்தி சொன்னார். லாரி போக்குவரத்து சுமாராகத்தான் இருந்தது. என்ன எழுதுவது என்று பிடிபடவில்லை.

சிவகாசிக்குப் போனேன். கம்பெனியின் மசாலாக் கவர் அங்கேதான் அச்சாகிறது. எந்த அச்சகத்துக்குள்ளும் நுழையவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. லாரி ஷெட்டுக்கு எதிரே பொது ரோட்டில் நின்றேன். கம்பெனியின் முத்திரை தெரிகிற கவர் ரோல்கள் அடுக்கடுக்காக லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அடுத்த நாள் மறுபடி போனேன். மறுபடி ஏறின. இத்தனை வருடத்தில் இவ்வளவு ரோல்கள் போய் நான் பார்த்ததில்லை. மனசு துள்ளியது. கவர் இவ்வளவு போனால் பொடி எவ்வளவு விற்கும்! கடையில் தயாரிப்புத் தேதியையும் பார்த்தேன், புத்தம் புதிது. விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது, பங்கை வாங்கலாம் என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். எல்லாம் சட்டப்படி, பொது ரோட்டில் நின்று, என் இரண்டு கண்ணால் பார்த்தது. மேலதிகாரி, "இதுதான் ஊர்க்காரனின் பலம்" என்று பாராட்டினார். கம்ப்ளையன்ஸ் அம்மாளும் ஒரு குறையும் சொல்லவில்லை.

வைகாசியில் கணக்கு வந்தது. விற்பனை படுத்துவிட்டது. போட்டி தாங்காமல், பத்து ரூபாய் பாக்கெட்டின் விலையைக் கூட்ட முடியாமல், உள்ளே போடுகிற கிராமைக் குறைத்திருந்தார்கள். எடை மாறினால் கவரில் அச்சிட்ட எடையும் மாற வேண்டும். இருந்த கவரையெல்லாம் கழித்துப் போட்டுவிட்டுப் புதுக் கவர் அடித்திருந்தார்கள். நான் பார்த்தது அந்த லோடு. கடைக்காரர்களிடமிருந்து பழைய பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டதில் நஷ்டம் வேறு. புத்தம் புதுத் தேதியின் ரகசியமும் அதுதான். மேலதிகாரி என் மேஜைக்கு வந்து, "உன் ஊர்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் இத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது.

மானம் போனதோடு ஒரு லாபமும் இருந்தது. இரண்டு நாள் கழிந்தால் நான் மாப்பிள்ளையிடம் கேட்கலாம். லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அப்பா வர மறுத்தார். "பூவைத் திருப்பிக் கொண்டுபோனவுக வீட்டு வாசலை நான் எந்த மூஞ்சியோட மிதிக்கிறது?" என்றார். அம்மா, "பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு அதே மூஞ்சியோட போங்க" என்று அதட்டினார். போனோம்.

சிவகாசியில் அவர்கள் வீட்டில் உட்காரச் சொன்னார்கள், வேறெதுவும் சொல்லவில்லை. தாயார் ஒரு நாற்காலியில், தாய்மாமன் ஒரு நாற்காலியில். மாப்பிள்ளை என் எதிரே. நான் தொண்டையைச் செருமி, "மாப்ள..." என்று ஆரம்பித்தேன். அவர் ஃபோனில் மணியைப் பார்த்தார். "கணக்கு முந்தாநாள் சாயங்காலந்தான் மச்சான் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் பொழுது இருக்கு. காபி குடிங்க" என்றார். குடித்தோம். ஆற ஆற, உறிஞ்சி உறிஞ்சி, ஒரு காபியை அவ்வளவு நேரம் நான் குடித்ததே இல்லை. அப்பா என் தொடையைக் கிள்ளினார். மாப்பிள்ளை மறுபடி மணியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மாப்ள, யாவாரம் எப்படி?"

"ஓடலை மச்சான்" என்றார் அவர். எங்கள் பக்கத்தில் எந்த மனிதனும் வாய்விட்டுச் சொல்லாத பதில். பிறகு அணை உடைந்தது. "உங்க ரிப்போர்ட்டப் படிச்சேன். கவர் லோடைப் பாத்துட்டு ஏமாந்துட்டீகன்னு உடனே புரிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை போதும், 'மச்சான், அது வேற'ன்னு. ஃபோனை எடுத்து எடுத்துக் கீழ வச்சேன். உங்க பேரு கெட்டுப் போகப் போகுது, உங்க வீட்டுல என்ன நினைப்பாகன்னு... எனக்குச் சோறு இறங்கலை."

"அதுக்காடா அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்த? நான் வெயிலுக்குன்னுல்ல நினைச்சேன்" என்றார் தாயார். அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகத் தன் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய சீசன்கள் நிறைய இருந்தன. "இந்தா உக்காந்திருக்கானே, இவன் ஒருத்தன். நாங்க பட்டாசு ரேட்டு வெளியிடுறதுக்குள்ள ஊரெல்லாம் உளறிட்டு வந்துருவான். எதிர்க் கம்பெனிக்காரன் எங்களுக்கு முன்னால ரேட்டைக் குறைச்சுப் போட்டுருவான். வாயைக் கட்டத் தெரிஞ்ச ஒரு ஆம்பளையாச்சும் இந்த வீட்டுல இருக்கான்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். தாய்மாமன் விட்டத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, வர்ற முகூர்த்தத்துல பூ வச்சிருவோம். தப்பா நினைச்சுட்டேன், மனசுல வச்சுக்கிறாதீக." அப்பா அங்கேயே நாட்காட்டியைக் கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது தங்கை அச்சகத்திலிருந்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் கை கழுவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நடந்ததை நடித்தே காட்டினேன். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். பிறகு, "அது சரி, கவர் ஜாஸ்தியாப் போனா விற்பனை ஜாஸ்தின்னு உனக்கு யாரு சொன்னது?" என்றாள்.

"நானே பார்த்தேனே."

"கிராம் மாறுனா, விலை மாறுனா, ஒரு எழுத்து மாறுனாக்கூட மொத்தக் கவரையும் புதுசா அடிப்பாக. சிவகாசியில எந்த பிரஸ்ல கேட்டாலும் சொல்லுவாக. டீக்கடைக்காரன்லருந்து லாரி ஷெட்டு வரைக்கும் போயி நின்ன. என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. "உன்கிட்ட கேட்டா, அது உள்ளயிருந்து வந்த செய்தின்னு ஆயிரும்."

"எங்க பிரஸ்ல அந்தக் கம்பெனி வேலையே கிடையாது. எந்தக் கம்பெனி வேலை நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அப்பா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

"அன்னைக்குக் கோயில்ல அவரு வந்து நின்னதும் என்னைய முதல்ல என்ன கேட்டாக தெரியுமா? 'உங்க வேலை எப்படிப் போகுது?'ன்னு. ஆறு வருசமா இந்த வீட்டுலருந்து பஸ் ஏறிப் போறேன். நீங்க ரெண்டு பேரும் ரோட்டுல போறவனை நிறுத்தி யாவாரம் எப்படின்னு கேக்குறீக. என்னைய ஒருத்தரும் கேட்டதில்லை. அவரு கேட்டாக. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டாக. அதுக்குத்தான் சம்மதம்னு சொன்னேன்."

அம்மா கரண்டியோடு வந்து நின்றவர் அப்படியே நின்றார். "சரி, இப்பச் சொல்லு. வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இப்பக் கேக்காதண்ணே. இப்பக் கேட்டா அது ஆராய்ச்சி" என்றாள்.